இறங்காத காந்தாரம்

திரையை இறக்கியபோது மீனலோசனியம்மாள் தோடி ராகத்தில் மேல் காந்தார ஸ்வரத்தைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். திரை இறங்கியது, மைக்கை அணைத்தார்கள், வயலின்காரர் வில்லைத் தூக்கிவிட்டார், அம்மாளும் வாயை மூடிக்கொண்டார், காந்தாரம் மட்டும் இறங்கவில்லை. கரூர் அமராவதி சங்கீத சமாஜத்து மண்டபத்தின் நடுவில், மூன்றாவது மின்விசிறிக்கும் நான்காவது மின்விசிறிக்கும் இடையே, அது அசைந்தபடியே நின்றது. தை மாதம், வெள்ளிக்கிழமை, பகல் ஒன்று இருபது. அப்போது உள்ளே இருந்தவர்கள் பதினோரு பேர், அதில் நான்கு பேர் தூக்கம். விழித்திருந்த ஏழு பேரும் மேலே பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், அன்றைக்குக் கேன்டீனில் பூரி கிழங்கு என்பது நினைவுக்கு வந்து எழுந்து போனார்கள்.

இது எப்படி நடந்தது என்று பிற்பாடு வெளியூரிலிருந்து வந்து கேட்டவர்களுக்கெல்லாம் எங்கள் ஊரில் ஒரே பதில்தான் சொன்னோம்: நாற்பத்திரண்டு வருஷம் நடந்தது உங்களுக்கு ஆச்சரியமாக இல்லை, இது மட்டும் ஆச்சரியமாக இருக்கிறதா?

மீனலோசனி சிவன் கோயில் நாகசுரக்காரர் மகள். கல்யாண வீடுகளில் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசித்துக்கொண்டே காத்திருந்தவர் அப்பா. சமாஜத்தில் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பாடிக்கொண்டே காத்திருந்தவர் மகள். பத்தொன்பது வயதில் முதல் கச்சேரி, பன்னிரண்டே காலிலிருந்து ஒன்றரை வரை. நன்றாகப் பாடினார் என்று எல்லோரும் சொன்னார்கள், அதனால் அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள், அதே பன்னிரண்டே காலுக்கு. பன்னிரண்டரைக்குக் கேன்டீன் திறக்கும். ரவா தோசை வாசனை வந்ததும் முதல் வரிசை எழும், அதைப் பார்த்து இரண்டாவது வரிசை எழும், எழுந்தவர்கள் போகிறபோது மேடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள், பாடிக்கொண்டே அவரும் ஒரு கும்பிடு போடுவார். அவருக்குப் பின்னால் பாட வந்தவர்கள் இரண்டு மணிக்குப் போனார்கள், நாலு மணிக்குப் போனார்கள், ஆறரை மணிக்குப் போய்ப் பட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். அம்மாள் பன்னிரண்டே காலிலேயே இருந்தார். கல்யாணம் ஆகிப் போனார், ஒரே வருஷத்தில் திரும்பி வந்தார், ரேடியோவில் பாடினார், திருச்சிக்கும் மதுரைக்கும் போய்ப் பாடினார், சென்னையில் ஒருமுறை பாடினார், அங்கேயும் மத்தியானம்தான். ஒரு பேப்பரில் 'மதிய வெயிலுக்கு இதமான குரல்' என்று ஒரு வரி எழுதினார்கள். 

சாயங்காலம் ஒரு கச்சேரி கொடுங்கள் என்று அம்மாள் கேட்டுப் பார்க்காத வருஷம் கிடையாது. சமாஜத்தின் காரியதரிசி பஞ்சாபகேசன் முகம் கோணாமல் கேட்டுக்கொள்வார். "உங்களுக்கு இல்லாததா? அடுத்த வருஷம் பாத்துடலாம்மா," என்பார். நாற்பத்திரண்டு அடுத்த வருஷங்கள் வந்து போயின. அந்த நாற்பத்திரண்டிலும் அம்மாள் மேடையில் ஒரு ராகம் தானம் பல்லவி பாடியதில்லை, ஏனென்றால் ராகத்தை விரித்து, தானம் பாடி, ஒற்றை வரிப் பல்லவியை எடுத்துக் குறுக்கி நீட்டி முடிக்க இரண்டு மணி நேரமாவது வேண்டும், எழுபத்தைந்து நிமிஷத்தில் அது அடங்காது. தோடியில் சொந்தமாக ஒரு பல்லவி கட்டி வைத்திருந்தார். முப்பது வருஷமாக அவருக்கு மிருதங்கம் வாசித்த திருவேங்கடமும் அவரும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பாடிப் பாடி வாசித்து வாசித்துப் பழகினார்கள். கேட்டது சுவர்கள்தான்.

அந்த வருஷம் அவருக்கு அறுபத்தொன்று. மேடைக்குப் பின்னால் மிருதங்கத்துக்கு ரவை தடவிக்கொண்டிருந்த திருவேங்கடத்திடம் சொன்னார்.

"வேங்கடம், இந்தத் தடவ வர்ணம் கிர்ணம் ஒண்ணும் கெடையாது. நேரா தோடி. எவ்வளவு தூரம் போகுதோ போகட்டும். கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் மங்களத்துக்கு."

"ஒண்ணரைன்னா அவரு கையக் காட்டுவாருக்கா."

"காட்டட்டும். கையத்தானே."

மங்களம் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கச்சேரியை முடிக்கிறபோது பாடும் சின்னப் பாட்டு, இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். எவ்வளவு பெரிய வித்வானும் எவ்வளவு மோசமாகப் பாடினவரும் அதைப் பாடித்தான் எழுந்திருக்க வேண்டும், பாடினால்தான் அதுவரை பாடினது பாடினதாகும், கேட்டது கேட்டதாகும், விளக்கை அணைக்கலாம், செருப்பைத் தேடலாம். பஞ்சாபகேசன் தன் காலத்தில் எதை எதையோ வெட்டியவர், தனி ஆவர்த்தனத்தை வெட்டினார், துக்கடாவை வெட்டினார், ஒருமுறை வயலின்காரரையே வெட்டினார், மங்களத்தை வெட்டியது கிடையாது. அன்றைக்கு வெட்டினார். சாயங்காலக் கச்சேரிக்காரர் வித்வான் ஸ்ரீவத்ஸன், மூன்று மணிக்கு மைக் சரிபார்க்க வர வேண்டியவர், ஒன்று இருபதுக்கே காரில் வந்து இறங்கிவிட்டார்.

திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற வாட்ச்மேன் கருப்பண்ணன், "சாமி, அம்மா இன்னும் மங்களம் பாடலீங்க," என்றார்.

"எறக்குடா. அவர் வெயில்ல நிக்கறார்."

கருப்பண்ணன் இறக்கினார். அவ்வளவுதான் நடந்தது.

அம்மாள் வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவி, சாப்பிட்டு, சாயங்காலம் தம்புராவைச் சேர்த்து ஸ என்று வாயைத் திறந்தார். ஸ என்று சொல்ல வந்தது, பாட வரவில்லை. ரி என்று சொல்ல வந்தது. காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்று சொல்ல வந்தது, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வந்தது, ஸ்வரம் மட்டும் வரவில்லை. பதறி ஓடி வந்த திருவேங்கடத்திடம், பஸ்ஸில் குடையை வைத்துவிட்டு வந்தவர் மாதிரி, "அங்கயே விட்டுட்டு வந்துட்டேன் போலருக்கு," என்றார்.

அங்கேதான் இருந்தது. அன்று ஆறரைக்கு ஸ்ரீவத்ஸன் ஒரு கட்டை சுருதியில் வர்ணத்தை எடுத்தார், மேலே ஐந்து கட்டையில் தோடி போய்க்கொண்டிருந்தது. காந்தாரத்தில் நிற்கும், பஞ்சமம் வரை போகும், சுற்றிக்கொண்டு திரும்பக் காந்தாரத்துக்கே வரும், ராகம் வந்து முடிய வேண்டிய ஷட்ஜத்துக்கு மட்டும் இறங்காது. மைக்செட்காரர் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினார், கடைசியில் மெயினையே அணைத்தார், இருட்டில் தோடி இன்னும் நன்றாகக் கேட்டது. ஸ்ரீவத்ஸன் சுருதியை மாற்றிப் பார்த்தார், ராகத்தை மாற்றிப் பார்த்தார், பதினோரு நிமிஷம் பாடிவிட்டுத் தொண்டை சரியில்லை என்று மங்களம் பாடி எழுந்து போனார். மறுநாள் வந்தவர்களும் அப்படியே. அந்த மண்டபத்தில் இனிமேல் பாடுகிறவர்கள் மீனலோசனியின் சுருதியில், மீனலோசனியின் ராகத்தில், மீனலோசனி விட்ட இடத்திலிருந்துதான் பாட முடியும் என்று ஆயிற்று. அந்த அளவுக்குப் பாடத் தெரிந்தவர்கள் சாயங்காலப் பட்டியலில் இல்லை.

முகூர்த்த நாள்களில் மண்டபத்தைக் கல்யாணத்துக்கு விடுவது சமாஜத்தின் வழக்கம். தோடிக்குக் கீழேயே ஐந்து கல்யாணம் நடந்தது. முதல் கல்யாணத்தில் நாகசுரக்காரர் அண்ணாந்து பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்ததில் தாலி கட்டுகிறபோது கெட்டிமேளத்தை மறந்துவிட்டார், மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது கல்யாணத்துக்குள் எங்களுக்குப் பழகிவிட்டது. சத்தம் அதிகமாக இருக்கும் என்று பத்திரிகையிலேயே போட்டுவிடலாமா என்று ஒரு பெண் வீட்டார் கேட்டார்கள். அழுகிற குழந்தைகளை மூன்றாவது மின்விசிறிக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டால் தூங்கிவிடும் என்பதைக் கண்டுபிடித்தது ஒரு சமையல்காரர்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு என்ஜினீயர் வந்தார். சுவரில் பஞ்சு ஒட்டினார், தேங்காய் நார் ஒட்டினார், மேலே பட்டி பார்த்துப் புதிதாகச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். சுண்ணாம்பு ஈரமாக இருந்த இரண்டு நாளும் தோடிக்குக் கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது, காய்ந்ததும் சரியாகிவிட்டது. என்ஜினீயர் ஒரு தட்டு போண்டா சாப்பிட்டுவிட்டு, "சார், இது செவுத்துப் பிரச்சினை இல்ல. நீங்க யாருக்கோ என்னமோ செஞ்சிருக்கீங்க," என்று சொல்லிக் காரில் ஏறினார்.

கமிட்டி கூடியது. என்ன செய்தோம் என்பதை யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை, மங்களம் பாடவில்லை என்று மட்டும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். வேறு ஒரு பாடகியைக் கூப்பிட்டு மங்களம் பாடச் சொன்னார்கள். அவர் மூன்று முறை பாடினார், தோடி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் பஞ்சாபகேசனே ஒரு தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு அம்மாள் வீட்டுக்கு வந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. பெரிய மனசு பண்ணி ஒரு தடவை வந்து மங்களத்தைப் பாடிக் குடுத்துடுங்கோம்மா. ரெண்டே நிமிஷம்."

"வரேன். சாயங்காலம் ஆறரைக்கு வரேன். மூணு மணி நேரம் பாடறேன். மிச்ச தோடி, தானம், பல்லவி. நோட்டீஸ்ல ஸ்ரீவத்ஸன் பேரு என்ன அளவுல போட்டீங்களோ அதே அளவுல என் பேரு. எல்லாம் முடிச்சுட்டு மங்களம்."

"உங்களுக்கு இல்லாததா. ஆனா இந்த வருஷ சீசன்தான் முடிஞ்சுடுத்தே. இப்போ மங்களம். சாயங்காலத்தை அடுத்த வருஷம்..."

"பழத்தை எடுத்துட்டுப் போங்க," என்றார் அம்மாள். "வெயிலுக்கு அழுகிடும்."

அவர் போன பிறகு அம்மாள் தோசைக்கல்லை எடுத்துச் சுவரில் அடித்தார் என்றும், அடித்த இடத்தில் காரை பெயர்ந்துவிட்டது என்றும் திருவேங்கடம் எங்களுக்குச் சொன்னார்.

எங்களுக்கு என்றால், மண்டபத்துக்குப் பின்தெருவில் கொசுவலைத் தறி ஓட்டுகிறவர்களுக்கு. ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் போனால் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் கண்ணை மூட முடியாது. அந்த மாசியில்தான் கருப்பண்ணன் மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைக்க ஆரம்பித்தார். கச்சேரி இல்லாத மண்டபம், குளிர்ந்த தரை. முதலில் தூங்கத்தான் போனோம். பிறந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறோம், உள்ளே எத்தனை தூண் இருக்கிறது என்று அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் அந்தக் குரல் போய்க்கொண்டிருக்கும். யாரோ ஒரு பெண் யாரிடமோ ஒரு நியாயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது மாதிரி இருக்கும், பதில் வராத மாதிரி இருக்கும், விடாமல் திரும்பவும் முதலிலிருந்து கேட்பது மாதிரி இருக்கும். தூங்கப் போனவர்கள் தூக்கத்தை விட்டோம். அந்த ராகத்துக்குப் பேர் தோடி என்று அப்போது தெரியாது, 'மத்தியானம்' என்று நாங்களாக ஒரு பேர் வைத்துக்கொண்டோம். தறிக்கு நூல்தார் சுற்றுகிற பாவாயி சுற்றிக்கொண்டே மத்தியானத்தை முணுமுணுப்பாள், நூல் அறுந்தால் காந்தாரத்தில் நின்றுகொண்டே முடிச்சுப் போடுவாள், அதற்கும் காந்தாரம் என்று பேர் இருப்பது அவளுக்குத் தெரியாது. ஆடிக்குள் எங்கள் தெருவில் நாற்பது பேர் தோடியின் மூலை முடுக்கெல்லாம் போய் வந்துவிட்டோம்.

பிறகு டிவிக்காரர்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ரசிகர்கள் வந்தார்கள், அவர்களைப் பார்த்துவிட்டு வெளிநாட்டிலிருந்து வந்தார்கள், ஒரு வேன் நிறையச் சாமியார்கள் வந்தார்கள். ஒரு சாமியார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது மனிதக் குரல் அல்ல என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஒரே வாரத்தில் பஞ்சாபகேசனுக்கு எல்லாம் வேறு மாதிரி விளங்கிவிட்டது. மண்டப வாசலில் பளிங்குக் கல் வைத்தார்கள், 'நாத தெய்வ சந்நிதி' என்று பொறித்தார்கள், சமாஜத்தைத் தொடங்கி வைத்து ஐம்பது வருஷத்துக்கு முன்னால் காலமான பெரியவரின் படத்தை மேடையில் நிறுத்தி மாலை போட்டு, அவருடைய தவத்தின் பலன் இது என்று புத்தகம் அடித்தார்கள். டிக்கெட் போட்டார்கள். லுங்கி கட்டியவர்களுக்கு அனுமதி இல்லை என்று போர்டு வைத்தார்கள். பக்கவாட்டுக் கதவுக்குப் பூட்டு வந்தது, சாவி காரியதரிசியின் இடுப்புக்குப் போனது, நாங்கள் தகரக் கூரைக்குத் திரும்பினோம். புத்தகத்தில் எழுபத்திரண்டு பக்கம். ஒரு பக்கத்தில்கூட மீனலோசனி என்ற பேர் இல்லை.

அம்மாள் சமாஜத்து ஆபீசுக்குப் போனார். கூடப் போன திருவேங்கடம் வெளியே நின்று கேட்டதை எங்களுக்கு அப்படியே சொன்னார்.

"என் கச்சேரியை முடிக்க விடுங்க. சாயங்காலம் வேண்டாம், எந்த நேரம்னாலும் சரி. எனக்குக் குரல் வேணும். ஏழு மாசமா நான் ஊமையா இருக்கேன்."

"முடிக்கறதா? இப்போ எதுக்கும்மா முடிக்கணும்? லோகமே வந்து கேக்கறது."

"அது என் குரல்."

"அப்படிச் சொல்லிக்க முடியாதில்லையா. நீங்க இங்க உக்காந்திருக்கேள், அது அங்க பாடிண்டிருக்கு. உங்களோடதுன்னு எப்படி நிரூபிப்பேள்? எல்லாம் அம்பாள் குடுத்தது. நம்மளுதுன்னு எதுவும் கெடையாது."

"அம்பாள் குடுத்துட்டா. சாயங்காலம் குடுக்காதது யாரு?"

பஞ்சாபகேசன் சிரித்தாராம். கோபப்பட்டிருந்தால் அம்மாள் பொறுத்துக்கொண்டிருப்பார் என்று திருவேங்கடம் சொன்னார்.

தை பிறந்தது. சீசனுக்கு அழைப்பிதழ் வந்தது, தடித்த காகிதம், பொன் எழுத்து. மத்தியான இடத்தில் யாரோ ஒரு புதுப் பெண்ணின் பேர், பின்பக்கத்துப் பந்தலில். முதல் நாள் மாலை ஆறரை மணிக்கு, மண்டபத்தில், 'நாத தெய்வ தரிசனம்'. அம்மாள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார்.

"வேங்கடம், என் குரலுக்குச் சாயங்காலம் குடுத்துட்டாங்கடா," என்றார். "எனக்குத்தான் குடுக்கல."

"அக்கா, வேண்டாம். ஆளு அம்பு வெச்சிருக்காங்க."

"மிருதங்கத்தைத் துடை."

அவர்கள் இருவரும் கிளம்பியபோது தெருவில் பாவாயிதான் முதலில் பார்த்தாள். எங்கேங்கம்மா என்று கேட்டாள். கச்சேரிக்கு என்றார் அம்மாள். பாவாயி தாரைக் கீழே வைத்தாள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன, சாயங்கால ஷிஃப்டுக்கு வந்தவர்களும் ராத்திரி ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்தவர்களுமாக நூற்றைம்பது பேர், லுங்கியோடும் நூல் தூசியோடும், அம்மாளுக்குப் பின்னால் நடந்தோம். யாரும் கோஷம் போடவில்லை. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது.

உள்ளே கலெக்டர் இருந்தார், முதல் வரிசையில் ஸ்ரீவத்ஸன் இருந்தார், வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடியிருந்தார்கள், காலி மேடையில் பெரியவரின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. பஞ்சாபகேசன் ஓடி வந்தார்.

"ஏண்டா கருப்பண்ணா, கதவைத் தொறந்தே?"

"சாவி உங்க இடுப்புலதானுங்க இருக்குது சாமி. அதுவா தொறந்துக்கிச்சு. இந்த மண்டபத்துல என்னென்னமோ நடக்குது, கதவு தொறக்காதுங்களா?"

அம்மாள் மேடைப் பக்கமே போகவில்லை. நடுவில், நாற்காலிகளுக்கு இடையில் விட்டிருந்த பாதையில், வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திருவேங்கடம் எதிரில் உட்கார்ந்து மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். மேலே குரல் பஞ்சமம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பியது, மூன்றாவது மின்விசிறிக்கும் நான்காவது மின்விசிறிக்கும் இடையே வந்தது, காந்தாரத்தைத் தொட்டது, அம்மாள் வாயைத் திறந்தார். மேலே ஓய்ந்தது. கீழே எழுந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த ராகம் படிப்படியாக இறங்கி, ரிஷபத்தில் ஒரு மூச்சு நின்று, ஷட்ஜத்தில் வந்து உட்கார்ந்தது. கலெக்டர் தன்னை அறியாமல் ஆகா என்றார்.

பஞ்சாபகேசனுக்கு அப்போதும் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான். "தெரையை எறக்கு," என்றார். கருப்பண்ணன் இறக்கினார். பெரியவரின் படம் மறைந்தது, குத்துவிளக்கு மறைந்தது. அம்மாள் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தார்.

தானம் ஒரு மணி நேரம். அதற்குள் கேன்டீன் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். பிறகு பல்லவி: உச்சி வெயிலில் என் நிழலை எங்கே ஒளித்தாய், உமையே. ஒரே வரி. அந்த ஒரு வரியை எட்டு மடங்கு நிதானமாகப் பாடினார், அதட்டிப் பாடினார், மூன்று விதமான வேகத்தில் மடக்கி மடக்கிக் கேட்டார், எங்கே, எங்கே என்ற இடத்தில் பாவாயியும் தெருப் பெண்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஒருத்தியும் தாளம் தப்பாமல். முதல் வரிசையில் ஸ்ரீவத்ஸன் தொடையில் தாளம் போட முயன்று இரண்டு முறை விட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். திருவேங்கடம் முப்பது வருஷத்தையும் அன்றைக்கே வாசித்தார், விரலில் ரத்தம் வந்தது.

முடிந்தது. மங்களம்தான் பாக்கி. மண்டபம் முழுக்க அதற்காக உட்கார்ந்திருந்தது, கலெக்டர் உட்கார்ந்திருந்தார். பஞ்சாபகேசன் உண்மையாகவே கண் கலங்கியிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஸ்ரீவத்ஸனுக்கு வைத்திருந்த சால்வையை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தார்.

"தெய்வம்மா நீங்க. மங்களம் பாடிடுங்கோ. அடுத்த வருஷத்துலேர்ந்து சாயங்காலம்தான், எழுதியே தரேன்."

அம்மாள் செம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "நான் தெய்வமில்ல. பாடகி," என்றார். "இந்த எடத்துக்கு மங்களம் பாட எனக்கு மனசு வரல." முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார், பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார், நாங்களும் போனோம்.

நாங்கள் போன பிறகு அங்கே என்ன நடந்தது என்பதைக் கருப்பண்ணன்தான் சொன்னார். பஞ்சாபகேசன் நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தார், வாய் அசைந்தது. மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்து மைக் இல்லாமல் பேசினார், வாய் அசைந்தது. ஸ்ரீவத்ஸன் கையைத் தட்டிப் பார்த்தார். நாற்காலி சாய்ந்து விழுந்தது, கேட்கவில்லை. அந்த மண்டபத்துக்குள் அன்றிலிருந்து ஒரு சத்தமும் கிடையாது. அடுத்த முகூர்த்தத்தில் கெட்டிமேளம் கேட்காத கல்யாணம் செல்லுமா என்று சம்பந்திகளுக்குள் கைகலப்பு ஆயிற்று, அடித்துக்கொண்டதும் கேட்கவில்லை. சாமியார்களின் வேன் வேறு ஊருக்குப் போய்விட்டது.

அம்மாள் இப்போது எங்கள் தறிப்பட்டறை முற்றத்தில் பாடுகிறார். விட்ட இடத்திலிருந்து தொடங்குவார், வேண்டிய மட்டும் பாடுவார், எழுந்து போய்விடுவார். மங்களம் பாடுவதில்லை. ஒரே கச்சேரி, பதினாறு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. கொசுவலை மூட்டைகள் மேல் உட்கார்ந்து கேட்போம்.

போன வாரம் பஞ்சாபகேசன் வந்தார். வைகாசி வெயில், குடை இல்லை. பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மண்டபம் பாழாப் போயிடுத்தும்மா. அங்க வந்து ஒரு மங்களம். காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"கச்சேரி நடக்குது," என்றார் அம்மாள். "உக்காருங்க."

நகர்ந்தால் அவருக்கு நிழலில் இடம் இருந்தது. யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை. வெயிலில் கிடந்த மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அம்மாள் எடுத்தார், அவரைப் பார்க்கவே இல்லை. அரைமணி போயிற்று, முக்கால் மணி போயிற்று, அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, காதுமடல் சிவந்துவிட்டது. மெதுவாக எழுந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாசலைப் பார்த்து ஓர் அடி வைத்தார்.

பாவாயி அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"உக்காருங்க சாமி," என்றாள். "இன்னும் தானமே எடுக்கலீங்க."